கட்டற்ற இயங்குதளத்தில் நெடுநாள்: சுதந்திரம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே உழைப்பைக் கேட்கிறது

லினக்ஸ் வழங்கல்களை (லினக்ஸோடு செயலிகளையும் சேர்த்துக் கட்டித் தரும் இயங்குதளங்களை) பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் நிறுவிய முதல் வாரத்தோடு நின்றுவிடுகின்றன. திரை பார்க்க நன்றாக இருக்கிறது, சீக்கிரம் பூட் ஆகிறது, வைஃபை கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருள் தரும் சுதந்திரம் அந்த ஒரு வாரத்தில் கண்ணில் படாது. மென்பொருளைச் செய்தவர்கள் ஏதோ ஒரு முடிவெடுத்து, அது நமக்கு ஒத்துவராமல் போகும் நாளில்தான் அதன் அருமை தெரியும். ஒரே கணினி, ஒரே கோப்புகள் என்று இரண்டு மூன்று பெரிய மேம்படுத்தல்களைக் கடந்தவர்களுக்கு என்னென்ன வாய்க்கிறது, என்னென்ன சிக்கல் வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டெபியன் என்ற வழங்கலிலிருந்து வருகின்றன. கட்டற்றது எது, அல்லாதது எது என்று கோடு கிழித்து மென்பொருள் களஞ்சியத்தையே பிரித்து வைத்திருப்பதால் அதை வைத்துப் பேசுவது எளிது.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றைக் கட்டும் குனு திட்டத்தை அறிவித்தார். அந்த வழியில் வந்த வரையறைப்படி சுதந்திரங்கள் நான்கு, எண்ணிக்கை 0இல் தொடங்கும். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். மூலநிரலைப் படித்து மாற்றலாம். பிரதி எடுத்துக் கொடுக்கலாம். மாற்றிய பிரதியையும் கொடுக்கலாம். இவற்றில் 0, 2 இரண்டையும் எல்லோரும் தெரியாமலே தினமும் பயன்படுத்துகிறார்கள். ஒரே யுஎஸ்பி குச்சியில் பத்துக் கணினிகளுக்கு நிறுவும்போதும், மதர்போர்டை மாற்றிய பிறகு யாரிடமும் உரிமச் சாவி கேட்காமல் வேலையைத் தொடரும்போதும் நடப்பது அதுதான்.

அதிலும் ஒரு சின்னக் கண்ணி உண்டு. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் டெபியன் பொதுவாக எழுந்துவிடும். அப்படி எழாவிட்டால் உரிமத்தின் மேல் பழி போட வேண்டாம். யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க நிரல்) உள்ள கணினிகளில் எந்த பூட்லோடரை (இயங்குதளத்தை ஏற்றும் நிரலை) எழுப்ப வேண்டும் என்ற குறிப்பு வட்டில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. புதிய போர்டுக்கு அந்தக் குறிப்பு தெரியாது. ஆகவே வட்டைக் கழற்றும் முன்பே குரூப்-இஎஃப்ஐ என்ற பூட்லோடர் பொதியை (பொதி என்பது நிறுவத்தக்க மென்பொருள் கட்டு) டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளை வழியாக மறுபடி அமைத்து, நீக்கத்தக்க ஊடகத்துக்கான பாதையிலும் ஒரு பிரதி வைக்கவா என்ற கேள்விக்கு ஆம் சொல்லிவிட வேண்டும். பிணைய அட்டையின் பெயரும் மாறும். பழைய பெயரை அமைப்புக் கோப்பில் கையால் எழுதி வைத்திருந்தால் இணைப்பு வராது.

ஃபர்ம்வேர் என்ற தொல்லை

சுதந்திரம் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் வைஃபை சில்லுதான். டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கும், கட்டற்றதாகவும் இருக்கும். ஆனால் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர், அதாவது சில்லையே இயக்கும் நிரல், தனிக் கோப்பு. அதற்கு மூலநிரல் கிடையாது. இன்டெலின் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் இந்த வகை. கோப்பு இல்லையென்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கும், பிணையப் பட்டியலில் எதுவும் இருக்காது. ஏஎம்டி கிராஃபிக்ஸும் அப்படித்தான். படம் தெரியும், ஆனால் முப்பரிமாண முடுக்கம் இல்லாமல் வீடியோ ஓட்டினாலே சிபியு திணறும். கம்பிவழி இணைப்பு மட்டும் பெரும்பாலான போர்டுகளில் ஃபர்ம்வேர் இல்லாமலே ஓடும். நிறுவும்போது ஒரு லேன் கம்பி கையில் இருப்பது நல்லது.

இதில் வழங்கல்கள் இரண்டு பக்கம் நிற்கின்றன. டிரிஸ்கெல், பாரபோலா, குனு குயிக்ஸ் போன்றவை இத்தகைய கோப்புகள் அகற்றப்பட்ட லினக்ஸ்-லிப்ரே கெர்னலைத் தருகின்றன; மூடிய கோப்பை நிறுவச் சொல்லிப் பரிந்துரைக்கக்கூட மாட்டா. டெபியன் நெடுநாள் இடைப்பட்ட நிலையில் இருந்தது. 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு அதிகாரப்பூர்வ நிறுவல் படிமத்திலேயே ஃபர்ம்வேரைச் சேர்க்க முடிவானது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அப்படித்தான் இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் நிறுவியின் பூட் வரியில் ஃபர்ம்வேர்=நெவர் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் அது எதையும் ஏற்றாது.

அந்த மாற்றம் அப்போது பலருக்குச் சத்தமில்லாமல் ஒரு சிக்கலை வைத்துவிட்டுப் போனது. டெபியன் 11 வரை ஃபர்ம்வேர் பொதிகள் நான்-ஃப்ரீ பிரிவில் இருந்தன. 12இல் அவற்றுக்கென்று நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவு வந்தது. களஞ்சியக் கோப்பில் வெளியீட்டுப் பெயரை மட்டும் மாற்றி மேம்படுத்தியவர்களின் கணினியில் பழைய ஃபர்ம்வேர் அப்படியே தங்கிவிட்டது. வைஃபை ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் அந்தப் பொதிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. டெபியனில் பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை தருகிறது. ஓடும் வரிகளுக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்? ஏபிடி பாலிசி என்று கட்டளை கொடுத்து, ஃபர்ம்வேர் பொதியின் பெயரைச் சேர்த்துப் பாருங்கள். அது எந்தக் களஞ்சியத்திலிருந்தும் வரவில்லை என்று காட்டினால் இதுதான் காரணம்.

முழுக்கக் கட்டற்ற வழியில் போக விரும்புபவர்கள் வழங்கலைத் தேர்ந்தெடுக்கும் முன் வன்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசை மாறினால் வெறுப்புதான் மிஞ்சும். வைஃபைக்குப் பாதுகாப்பான தேர்வு ஏதெராஸின் பழைய சில்லுகள். ஏடிஎச்9கே டிரைவரில் ஓடும் பிசிஐ அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. யுஎஸ்பி வகையில் ஏஆர்9271 சில்லு. அதன் ஃபர்ம்வேருக்கு மூலநிரல் வெளியாகி, டெபியனின் முதன்மைப் பிரிவிலேயே பொதியாக இருக்கிறது. கொடுக்க வேண்டிய விலை வேகம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ். வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் மாடல் பெயரை நம்பாதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. முதல் பதிப்பில் ஏஆர்9271 இருந்தது, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சில்லு. பெயரும் உருவமும் ஒன்றுதான். செருகிவிட்டு எல்எஸ்யுஎஸ்பி ஓட்டினால் அடையாள எண் 9271 என்று முடிய வேண்டும்.

சில மடிக்கணினிகளில் அட்டையை மாற்றவும் பயாஸ் விடாது. திங்க்பேட் எக்ஸ்200 காலத்து இயந்திரங்களில் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையை மாட்டினால் 1802 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். அந்த பயாஸை அகற்றி, அதன் இடத்தில் லிப்ரேபூட் என்ற கட்டற்ற மாற்றை ஏற்றினால் தடை போய்விடும். அந்தத் தலைமுறையில் இன்டெல் சில்லுத்தொகுதிக்குள் தனியாக ஓடும் மேனேஜ்மென்ட் என்ஜினின் ஃபர்ம்வேரையும் முழுசாக எடுத்துவிட முடியும். பிந்தைய தலைமுறைகளில் அது முடியாது. ஏற்றுவதற்கு சில்லில் எழுதும் வெளிப்புற புரோகிராமரும் சில்லின் கால்களைக் கவ்வும் எஸ்ஓஐசி கிளிப்பும் வேண்டும். எக்ஸ்200இல் 8 கால் சில்லும் உண்டு, 16 கால் சில்லும் உண்டு, பிரித்துப் பார்த்த பிறகே கிளிப் வாங்குங்கள். சில்லுக்கு 3.3 வோல்ட். மலிவான சிஎச்341ஏ புரோகிராமர்களில் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை, அதைத் திருத்தாமல் மாட்டக் கூடாது. பழைய பயாஸை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடாமல் எதையும் அழிக்காதீர்கள். கிளிப் சரியாகக் கவ்வாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பையைப் படித்துத் தரும்.

மைக்ரோகோட் (சிபியுவுக்குள்ளேயே ஓடும் உள்நிரல்) விஷயத்தில் மட்டும் முழுக்கக் கட்டற்ற வழங்கல்களின் நிலைப்பாடு எனக்கு உடன்பாடில்லை. சிபியுவுக்குள் மூடிய மைக்ரோகோட் ஏற்கெனவே இருக்கிறது. புதுப்பிப்பை மறுத்தால் அது மறைந்துவிடாது, பிழைகளோடு கூடிய பழையதுதான் ஓடும். 2018இல் வெளிவந்த ஸ்பெக்டர் வகை சிபியு பாதுகாப்புக் குறைகளில் சிலவற்றுக்குப் புதிய மைக்ரோகோட் இல்லாமல் கெர்னலால் முழுப் பாதுகாப்புத் தர முடியாது. எல்எஸ்சிபியு ஓட்டினால் கடைசிப் பகுதியில் எந்தெந்தக் குறைக்குத் திருத்தம் ஏறியிருக்கிறது, எதற்கு மைக்ரோகோட் இல்லை என்று வரிவரியாகத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் எந்தப் பக்கம் போனாலும் சரி.

ஒரு பொதியை நாமே மாற்றும்போது

சுதந்திரம் 1ஐ எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேலியாகக் கேட்பவர்கள் உண்டு. சி மொழி தெரியாதவர்களும் பயன்படுத்தலாம் என்பதுதான் நிஜம்; ஏனென்றால் திருத்தத்தை வேறொருவர் எழுதியிருப்பார், அது அடுத்த வெளியீட்டில்தான் வரும், நமக்கோ இன்றைக்கு வேண்டும். டெபியனில் செய்முறை இது. களஞ்சியக் கோப்பின் டைப்ஸ் வரியில் டெப் என்பதற்குப் பக்கத்தில் டெப்-எஸ்ஆர்சி சேர்த்து, ஏபிடி அப்டேட் ஓட்டுங்கள். ஏபிடி சோர்ஸ் மூலநிரலை இறக்கித்தரும். தொகுக்கத் தேவையானவற்றை ஏபிடி பில்ட்-டெப் கொண்டுவரும் என்றாலும், டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியில் உள்ள எம்கே-பில்ட்-டெப்ஸைப் பயன்படுத்துவது நல்லது. அது எல்லாச் சார்புகளையும் ஒரே போலிப் பொதிக்குள் கட்டிவிடும். வேலை முடிந்ததும் அந்த ஒன்றை நீக்கி ஆட்டோரிமூவ் ஓட்டினால் கணினி சுத்தமாகிவிடும். திருத்தத்தைப் போட்டு, பதிப்பு எண்ணை மாற்றி, டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் ஓட்டினால் மேல் அடைவில் டெப் கோப்பு வந்து விழும். சிறிய கருவி என்றால் சில நிமிடம். லிப்ரே ஆபிஸ் போன்றது என்றால் பல ஜிபி இடமும் மணிக்கணக்கான நேரமும் ஆகும். டெபியன் 13 முதல் தற்காலிக அடைவான டிஎம்பி, ரேமிலேயே இருக்கிறது, அதிகபட்சம் ரேமில் பாதி. தொகுக்கும் வேலையை அங்கே வைத்தால் பாதியில் இடமில்லை என்று நின்றுவிடும். உங்கள் இல்ல அடைவில் செய்யுங்கள்.

பதிப்பு எண்ணில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூலப் பொதி 1.2-3 என்று வைத்துக்கொள்வோம். நம்முடையதை 1.2-3+லோக்கல்1 என்று பெயரிடுவது வழக்கம். மாற்றப் பதிவுக் கோப்பில் லோக்கல் என்பதை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம், அங்கேதான் கண்ணி. அடுத்த வாரம் அந்தப் பொதிக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது, அதன் எண் 1.2-3+டெப்12யு1. இரண்டையும் ஒப்பிடும் டிபிகேஜி (ஏபிடிக்கு அடியில் பொதிகளைக் கையாளும் கருவி), கூட்டல் குறிவரை ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகிறது. ஆங்கில அகரவரிசையில் டெப்பின் முதலெழுத்து முன்னால், லோக்கலின் முதலெழுத்து பின்னால். எனவே நம்முடையதுதான் புதிது என்று முடிவு கட்டி, பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவாமல் விட்டுவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. பின்னொட்டை ஏ என்ற எழுத்தில் தொடங்கும்படி வைத்தால் திருத்தம் வரும்போது அது நம்முடையதை மிஞ்சிப் போகும்; அப்போது மாற்றத்தை மறுபடி போட்டுத் தொகுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் தெரிவை ஓட்டிப் பார்ப்பது ஒரு நொடி வேலை. ஏபிடி-மார்க் ஹோல்டு போட்டு, பொதி மாறாதபடி பூட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். போட்டவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

இதைவிட எளிய மாற்றமும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகப் பயன்படுத்தும்போது, பின்னால் இருப்பது பல மொழி உள்ளீட்டுக்கான எம்17என் தொகுப்பின் ஓர் உரைக்கோப்பு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அடைப்புக்குறிக்குள் வரிசையாக எழுதியிருக்கும். அதை இல்ல அடைவில் .எம்17என்.டி என்ற மறை அடைவுக்குப் பிரதி எடுத்து, தலைப்பில் உள்ள உள்ளீட்டு முறையின் பெயரையும் மாற்றி, வேண்டிய விசையைத் திருத்திவிட்டு, வெளியேறி மறுபடி நுழைந்தால் புதிய பலகை பட்டியலில் வந்துவிடும். பெயரை மாற்றாமல் விட்டால் எது ஓடுகிறது என்று தெரியாமல் குழம்ப நேரிடும். திரையில் சாளரங்களைக் காட்டும் வேலண்ட் முறையில், குரோமியம் உலாவியின் அடிப்படையிலான சில செயலிகளில் தமிழ் ஏறாவிட்டால் குற்றம் இந்தக் கோப்பில் இல்லை. வேலண்ட் உள்ளீட்டு முறைக்கான கொடியோடு அந்தச் செயலியைத் தொடங்கிப் பாருங்கள்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டுமே எழ விடும் காவல்) இயங்கும் கணினியில் நாமே தொகுத்த கெர்னல் மாட்யூல் ஏறாது. மோக்யூட்டில் என்ற கருவி மூலம் சொந்தச் சாவியைப் பதிய வேண்டும். கட்டளை ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும், அடுத்த பூட்டில் நீலத்திரை ஒன்று சில நொடிகள் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டியதுதான். எரிச்சலான வேலை. ஆனாலும் இதில் சாவி நம் கையில் இருக்கிறது. அந்த வசதியே இல்லாத, லினக்ஸ் ஓடும் எத்தனையோ வீட்டுச் சாதனங்களில் மூலநிரல் கிடைத்தும் மாற்றியதை ஓட்ட முடியாது. 2007இல் வந்த, குனு பொது உரிமமான ஜிபிஎல்லின் 3ஆம் பதிப்பு குறிவைத்தது இதைத்தான். லினக்ஸ் கெர்னல் இன்றுவரை 2ஆம் பதிப்பிலேயே இருக்கிறது.

பிடிக்காத முடிவு வரும்போது

2012இல் உபுண்டு 12.10, டேஷ் என்ற தேடல் பலகையில் தேடும் சொற்களுக்கு அமேசான் பொருட்களையும் காட்டத் தொடங்கியது. எதிர்ப்பு பலமாக இருந்தது. பயனர் செய்ய வேண்டியிருந்ததோ யூனிட்டி-லென்ஸ்-ஷாப்பிங் என்ற ஒரு பொதியை நீக்குவது மட்டுமே. தனிப் பொதியாக இருந்ததால் அது முடிந்தது. 16.04இல் அந்த வசதி இயல்பாகவே அணைந்திருந்தது. 2011இல் க்னோம் என்ற மேசைத்தளத்தின் 3ஆம் பதிப்பு பழைய அமைப்பைக் கைவிட்டபோது க்னோம் 2இன் நிரலிலிருந்து மாட்டே கிளைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஓபன் ஆபிஸிலிருந்து லிப்ரே ஆபிஸ். சர்வர்களில் ஓடும் வழங்கலான சென்ட்ஓஎஸ் 8க்கான ஆதரவு 2021 இறுதியில் முடியும் என்று 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவித்தபோது, அதற்கு மாற்றாக ராக்கியும் ஆல்மாவும் மறு ஆண்டே வந்துவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அழிக்காமல் அப்படியே மாற்றும் ஸ்கிரிப்ட்டுகளையும் இரண்டும் தந்தன. பராமரிப்பாளர்களோடு ஒத்துப்போகாத பயனருக்குக் கெஞ்சுவதைத் தவிர வேறு வழியும் இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் மூலநிரல் இருக்கிறது என்பதால் யாரோ உழைப்பார்கள் என்று ஆகிவிடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. உரிமை யாரிடமிருந்தும் பறிபோகவில்லை. கெர்னலைத் தொகுத்து மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் போட ஆள்தான் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் அதே ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அங்கே வேறொரு குழு விரும்பினாலும் தொடர முடியாது, இங்கே விரும்பினால் முடியும். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

படிக்க முடிவதால் என்ன ஆதாயம் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைவிட நல்ல சான்று கிடையாது. எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், விடாமல் தோண்டி எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதை வெளியிட்டார். கொஞ்சம் கசப்பான பக்கமும் இதில் இருக்கிறது. பின்வாசலைத் தூண்டும் வரி எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய டார் தொகுப்புக் கோப்பில்தான் இருந்தது. டெபியனின் நிலைப் பதிப்புக்கு அது போய்ச்சேரவில்லை. சோதனைக் கிளைகளில் இருந்தவர்களுக்குத்தான் வந்தது. பழைய பதிப்புகள் என்று கேலி செய்யப்படும் நிலைப் பதிப்பு அந்த வாரம் பலரைக் காப்பாற்றியது.

கை எட்டாத இடங்கள்

இயங்குதளம் எவ்வளவு கட்டற்றதாக இருந்தாலும், உலாவிக்குள் ஓடும் வலைச்செயலி இன்னொருவர் கணினியில் இருக்கிறது. நான்கு சுதந்திரங்களும் அங்கே செல்லாது. கட்டண வீடியோ தளங்கள் வைட்வைன் என்ற மூடிய நகல்தடுப்புக் கூறைக் கேட்கும். நிறுவினாலும் லினக்ஸில் பல தளங்கள் உயர் தெளிவுத்திறன் தருவதில்லை. ஃபோன்களில் நிலைமை இன்னும் மோசம், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

தன் கணினியில் மூடியவை எத்தனை என்று எண்ண விஆர்எம்எஸ் என்ற நிரல் டெபியனில் இருந்தது, இப்போது செக்-டிஎஃப்எஸ்ஜி-ஸ்டேட்டஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. அதன் விடையை அப்படியே நம்பிவிடாதீர்கள். டெபியன் பிரிவுப் பெயர்களைப் பார்த்து எண்ணுவதால், ஃபிளாட்ஹப் என்ற வெளிச் செயலிக் களஞ்சியத்திலிருந்து நிறுவிய மூடிய செயலிகளும் உலாவி நீட்சிகளும் அதன் கண்ணில் படா.

ஆவணங்களில் ஒரு சிறு விஷயம் பெரிய தலைவலியைத் தீர்க்கும். மற்றவர்கள் அனுப்பும் டாக்எக்ஸ் கோப்பு லிப்ரே ஆபிஸில் பக்கம் கலைந்து வந்தால் பெரும்பாலும் காரணம் எழுத்துருதான். கேலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கேலடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன். எழுத்துகளின் அகலம் மூலத்துக்குச் சமமாக வடிவமைத்தவை என்பதால், நிறுவியதும் வரிகள் தம் இடத்துக்கு வந்துவிடும்.

ஒரு வழங்கலை விட்டு இன்னொன்றுக்குப் போவது உண்மையில் எவ்வளவு எளிது என்பதை அவசரம் வரும் முன்பே சோதித்துப் பாருங்கள். இல்ல அடைவு தனிப் பகிர்வில் இருந்தால் புதிய வழங்கலில் அதையே மாட்டிவிடலாம்; லக்ஸ் என்ற வட்டுக் குறியாக்கம் எல்லா வழங்கல்களிலும் திறக்கும். கோப்புகள், அஞ்சல், எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் சிக்கலின்றி வரும். மேசைத்தள அமைப்புகள்தான் சண்டை போடும். புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்பு உள்ள வழங்கலுக்குப் போகும்போது ஃபயர்ஃபாக்ஸ், இந்த சுயவிவரம் புதிய பதிப்பில் பயன்பட்டது என்று சொல்லித் திறக்க மறுக்கும். அலோ-டவுன்கிரேட் தெரிவைக் கொடுத்துத் திறக்கலாம், ஆனால் சுயவிவரத்துக்குப் பிரதி எடுத்த பிறகு. க்னோம் அமைப்புகளுக்கு, அவை சேமிக்கப்படும் டிகான்ஃப் அடைவை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு நுழைவதுதான் வேகமான வழி; விசைக் குறுக்குவழிகளை மறுபடி ஒருமுறை அமைக்க வேண்டியிருக்கும்.